ஃபாக் லைட் எரியவில்லையா? செட் வாங்கும் முன் கேளுங்கள்

மேட்டுப்பாளையத்தில் கார் எலெக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். குன்னூர் ரோடும் கோத்தகிரி ரோடும் இங்கிருந்துதான் ஏறுகின்றன. மார்கழி பிறந்தால் பாதி வேலை, பனிமூட்டத்துக்கென்று பம்பரில் தாழ்வாக வைக்கும் ஃபாக் லைட்தான். என்னிடம் வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. அதில் சொல்லும் ரூபாய்க் கணக்கு என் கடை அனுபவம். உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கும்.

அண்ணா, இடது பக்கம் மட்டும் எரியவில்லை. கடையில் இரண்டு பக்கமும் செட்டாக மாற்ற 6,500 ரூபாய் கேட்கிறார்கள். நியாயமா? (ஓசூர்)

கண்ணாடி உடைந்ததா தம்பி? இல்லையென்றால் செட் எதற்கு? பெரும்பாலான வண்டிகளில் இரண்டு லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ், ஒரே ரிலே (கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்). வலது பக்கம் எரிகிறது என்றால் அது இரண்டும் நன்றாக இருக்கிறது. கோளாறு பல்பில், சாக்கெட்டில், வயரில், இல்லை எர்த்தில் (கரண்ட் பாடி வழியாகத் திரும்பும் நெகட்டிவ் இணைப்பு). வலது பக்கப் பல்பைக் கழற்றி இடது பக்கம் மாட்டிப் பாருங்கள். எரிந்தால் பழைய பல்ப்தான் போயிருக்கிறது, வேலை முடிந்தது. ஹாலோஜன் பல்ப் 150 முதல் 400 ரூபாய். பல வண்டிகளில் முன்சக்கரத்தை முழுசாகத் திருப்பி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரைக் கொஞ்சம் விலக்கினாலே கை போய்விடும், கூலி 200 தாண்டாது. பம்பரைக் கழற்றியே ஆக வேண்டிய வண்டி என்றால் 500 முதல் 800.

புதுப் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை சூட்டில் ஒரே இடத்தில் கொதித்து, பல்ப் சீக்கிரம் போய்விடும்.

மாற்றிப் போட்டும் எரியவில்லை அண்ணா. (அதே தம்பி)

அப்படியென்றால் டெஸ்ட் லேம்ப் எடுங்கள். ஃபாக் லைட் சுவிட்சைப் போட்டுவிட்டு, அதன் கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, சாக்கெட்டின் ஒவ்வொரு பின்னிலும் முனையை வையுங்கள். ஒன்றில் எரிந்தால் கரண்ட் வருகிறது, எர்த்தான் இல்லை. எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, திரும்ப முடுக்கினால் போதும். நான் இதற்கு 150 வாங்குவேன். கரண்டே வரவில்லை என்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. எலி வேலையாகவும் இருக்கும்.

ஃபாக் லைட் ஃபியூஸ் வாரம் ஒருமுறை போகிறது. 15 ஆம்பியருக்குப் பதில் 30 போட்டுவிடலாமா? (ஏற்காடு)

போடவே கூடாது சார். முதலில் சொல்லுங்கள், யாராவது 100 வாட் பல்ப் மாட்டிவிட்டார்களா? கம்பெனி 55 வாட் இரண்டு என்றால் மொத்தம் 110 வாட். 12 வோல்ட்டில் வகுத்தால் 9 ஆம்பியர் சொச்சம், நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ் நிம்மதியாகத் தாங்கும். 100 வாட் ஜோடி போட்டால் 16 ஆம்பியரைத் தாண்டும். ஃபியூஸ் தன் வேலையைத்தான் செய்கிறது. நீலத்தை எடுத்துவிட்டுப் பச்சை 30 போட்டால் ஃபியூஸ் பிழைக்கும், வயர் உருகும். அப்படி வந்த ஒரு வண்டியில் பம்பருக்குப் பின்னால் இருந்த கட்டு வயர் முழுவதும் வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக் கிடந்தது. கூடுதல் வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு 7,000 ரூபாய் வயரிங் செலவு.

இதே மாதிரி இன்னொரு தப்பு நடக்கிறது. ஹெச்8, ஹெச்11, ஹெச்16 என்ற மூன்று வகை பல்பும் பார்க்க ஒரே ஜாடை. ஆனால் ஹெச்16 19 வாட், ஹெச்8 35, ஹெச்11 55. மாறிவிடக் கூடாது என்றுதான் பல்பின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காதை வேறு வேறாக வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் அந்தக் காதை அரம் போட்டுத் தேய்த்து ஹெச்11-ஐ உள்ளே திணித்துவிடுவார்கள். ஆறு மாதத்தில் பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் கருகும். பழைய பல்பின் அடியில் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு அதையே வாங்குங்கள்.

உங்கள் வண்டியில் பல்ப் சரியானதுதான் என்றால், வயர் எங்கோ உரசி பாடியில் படுகிறது. தேடிப் பிடிக்க அரை நாள் ஆகும், 600 முதல் 1,000 வரை கூலி கொடுக்கலாம்.

மிக்ஜாம் வெள்ளத்தில் வண்டி பம்பர் வரை முங்கியது. அப்போது எரிந்த லைட் இப்போது மங்கல், உள்ளே ஆவியும் படிகிறது. (வேளச்சேரி)

மங்கலுக்குக் காரணம் சாக்கெட் பின்னில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்த துரு. காண்டாக்ட் கிளீனர் அடித்துத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின் அரித்தே போயிருந்தால் சாக்கெட் மட்டும் 100 முதல் 250 ரூபாய்க்குத் தனியாகவே கிடைக்கும். லேசான ஆவி, லைட் போட்டுப் பத்து நிமிடத்தில் மறைந்தால் விட்டுவிடுங்கள் மேடம். தண்ணீர் அடியில் குளம் கட்டி நின்றால் அசெம்பிளியையே, அதாவது முழு லைட்டையே, மாற்ற வேண்டியதுதான். வெளிக் கம்பெனி பொருள் ஒரு பக்கம் 600 முதல் 1,500, ஒரிஜினல் 1,500 முதல் 3,500. கம்பெனியிலேயே எல்இடி வந்த வண்டி என்றால் பெரும்பாலும் பல்ப் தனியாக மாற்ற வழியில்லை, விலை இதைவிடப் பல மடங்கு போகும். எக்காரணத்தைக் கொண்டும் லைட்டின் காற்றுத் துளையை சிலிக்கான் வைத்து அடைக்காதீர்கள்.

ஆட்டோ இடித்து ஒரு பக்கம் உடைந்தது. மொத்தம் 3,200 ரூபாய் எஸ்டிமேட். இன்ஷூரன்ஸில் போடலாமா? (திருப்பூர்)

கணக்குப் போட்டுவிட்டுப் போடுங்கள். 1500 சிசிக்குள் இருக்கும் வண்டிக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்துதான். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத பாலிசி) இல்லையென்றால் பிளாஸ்டிக் பாகத்தில் பாதிதான் தருவார்கள். லைட் 2,600, கூலி 600 என்று வைத்தால் 1,300-உம் 600-உம் 1,900. அதில் ஆயிரம் போனால் கையில் 900. அதற்காக நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) பூஜ்யமாகிவிடும். அடுத்த வருடம் 35 சதவீதம் கிடைக்க வேண்டியவர், சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 என்றால் 2,800 ரூபாயை விடுகிறீர்கள். ஆட்டோக்காரரிடம் பேசி ஏதாவது வாங்க முடிந்தால் அதுவே லாபம்.

வண்டியைத் திருப்பும்போது ஒரு பக்க ஃபாக் லைட் தானாக எரிந்து அணைகிறது. ஷார்ட் ஆகிவிட்டதா?

இல்லை. வளைவில் ஓரத்தைக் காட்ட அப்படியே செய்து அனுப்பியிருக்கிறார்கள். செலவு பூஜ்யம்.

மஞ்சள் எல்இடி போட்டால் ஊட்டி மேகத்தில் நன்றாகத் தெரியும் என்கிறார்களே? (கோவை)

பனித் துளி பெரிசு, எந்த நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலை செய்வது நிறமில்லை, லைட் தாழ்வாக இருப்பதும் வெளிச்சம் மேலே ஏறாமல் வெட்டி நிற்பதும்தான். ஹாலோஜன் ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பைத் திணித்தால் அந்த வெட்டு கலைந்துவிடும், வெளிச்சம் மேலே சிதறி உங்கள் முகத்துக்கே வெள்ளைச் சுவராகத் திரும்பும்.

பைசா செலவில்லாமல் ஒன்று செய்யுங்கள் சார். சமதளத்தில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி லைட்டைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு, லைட்டின் நடுப்பகுதி உயரத்தைவிட நாலு அங்குலம் கீழே இருக்க வேண்டும். ஏறி இருந்தால், பெரும்பாலும் லைட்டுக்கு அருகிலேயே ஒரு திருகு இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகத் திருப்புங்கள். என்னிடம் ‘லைட் பத்தலை’ என்று வரும் வண்டிகளில் நிறையவற்றுக்கு நான் செய்வது இந்த ஒரு திருகுதான். அதற்குக் காசு கேட்டால் எனக்கே கூச்சமாக இருக்கிறது, டீ வாங்கிக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.