சூயஸ் கால்வாயில் விழுந்த சிக்கு

அன்புள்ள ஐயா,

2021ஆம் ஆண்டு சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ கப்பல் தரைதட்டியதைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். கப்பல் போக்குவரத்து ‘ஸ்நார்ல் அப்’ ஆனது என்று அதில் வருகிறது. அகராதியோ ‘ஸ்நார்ல்’ என்றால் நாயின் உறுமல் என்கிறது. ‘அடைபட்டது’ என்று எழுதிவிடலாமா?

— வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அகராதியில் அடுத்த பதிவையும் பார்த்திருக்கலாம். உறுமலைக் குறிப்பது வேறு சொல். உங்கள் கட்டுரையில் வருவது, கண்ணி என்று பொருள்படும் ‘ஸ்நேர்’ என்பதிலிருந்து பிறந்து, நூலிலும் தலைமுடியிலும் விழும் சிக்கைக் குறிப்பது. ‘அப்’ சேரும்போது அது பேச்சு வழக்காகிறது.

‘அடைபட்டது’ என்பது பொருந்தாது. சாக்கடையில் கசடு சேர்ந்து நீர் தேங்கினால் ஆங்கிலத்தார் ‘க்ளாக் அப்’ என்பார்கள். இயந்திரத்தில் பிசுக்கேறி இறுகினால் ‘கம் அப்’ என்பார்கள். அங்கெல்லாம் அடைத்த பொருளை அகற்றினால் வேலை முடிந்தது. சிக்கிலோ ஒவ்வோர் இழையும் மற்றொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் கட்டுரையின் நிகழ்ச்சியில் இரண்டுமே உண்டு. மார்ச் 23 அன்று, ஏறத்தாழ 400 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் குறுக்கே திரும்பி, முனை ஒரு கரையில் புதைய, பின்புறம் மறுகரையை ஒட்டி நின்றபோது நேர்ந்தது அடைப்புதான். முனையைச் சுற்றியிருந்த மணலைத் தோண்டியும், பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் உயர்ந்த வேளையில் இழுவைப் படகுகளால் இழுத்தும் 29ஆம் தேதி கப்பலை மிதக்கவிட்டதும் அது நீங்கிவிட்டது. ஆனால் காத்திருந்த நூற்றுக்கணக்கான கப்பல்களும், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப்போகத் திரும்பிவிட்டவையும் தத்தம் முறை தவறி ஐரோப்பியத் துறைமுகங்களை நெருக்கியடித்துச் சேர்ந்தன. அங்கே சரக்கை இறக்கிவிட்டு ஆசியாவுக்குத் திரும்பவேண்டிய கண்டெய்னர்களும் தாமதப்பட்டன. கால்வாய் திறந்த பிறகும் நீடித்த இந்தக் குழப்பத்துக்குத்தான் உங்கள் வினைச்சொல் கச்சிதமாகப் பொருந்தும்.

ஆகவே, கால்வாய் அடைபட்டது என்றும் கப்பல் போக்குவரத்தில் சிக்கு விழுந்தது என்றும் பிரித்து எழுதுங்கள். ‘சிக்கல் ஏற்பட்டது’ வேண்டாம். வங்கிக் கடன் முதல் திருமணம் வரை எல்லாவற்றுக்கும் வழங்கித் தேய்ந்துபோன அந்தத் தொடரில் நூலும் தெரிவதில்லை, முடிச்சும் தெரிவதில்லை. பிரிட்டனில் சாலை நெரிசலையே ‘ஸ்நார்ல்-அப்’ என்று பெயர்ச்சொல்லாகச் சொல்வதுண்டு. அப்படி எங்கேனும் வந்தால் மட்டும் ‘நெரிசல்’ என்றே போட்டுவிடுங்கள்.