பக்கவாதத்துக்குப் பின் அலுவலகம்: அழுகையும் அச்சமும்

கேள்வி: எனக்கு வயது 47. அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராகப் பணியாற்றுகிறேன். சென்ற ஆண்டு மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைபட்டு, வலது கையும் காலும் செயலிழந்தன. பிசியோதெரபியால் இப்போது நன்றாக நடக்கிறேன். கையெழுத்து மட்டும் பழையபடி வரவில்லை. மருத்துவ விடுப்பு முடிந்து பணியில் சேர்ந்ததிலிருந்து, யாராவது நலம் விசாரித்தாலே அழுகை பீறிட்டு வருகிறது. மதியத்துக்கு மேல் கோப்பில் ஒரு வரிகூட மனத்தில் ஏறுவதில்லை. "நீங்கள் சும்மா உட்காருங்கள் சார்" என்று சொல்லிச் சக ஊழியர்கள் என் கோப்புகளை எடுத்துச் சென்றுவிடுகிறார்கள். மறுபடியும் வந்துவிடுமோ என்ற பயம் வேறு. விருப்ப ஓய்வு கேட்டுவிடுங்கள் என்கிறார் மனைவி. என் மனம் கெட்டுவிட்டதா, டாக்டர்?
- ஒரு வாசகர், திருச்சி மாவட்டம்

பதில்: முதலில் அழுகையைப் பற்றிச் சொல்கிறேன், உங்களை மிகவும் கூனிக்குறுக வைத்திருப்பது அதுதான் என்று தோன்றுகிறது. உணர்ச்சி வெளிப்படுவதை அடக்கியாளும் நரம்புப் பாதைகள் மூளையில் இருக்கின்றன. பக்கவாதம் அவற்றைப் பாதிக்கும்போது, மனத்தில் சிறிதளவே எழும் நெகிழ்ச்சிகூட அடக்க முடியாத அழுகையாகவும், சிலருக்கு இடம்பொருள் பாராத சிரிப்பாகவும் வெளிப்பட்டுவிடுகிறது. கை பலவீனப்பட்டதற்கு வெட்கப்படாத நீங்கள் இதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை, ஏனெனில் இரண்டும் ஒரே நோயின் விளைவுகள். பலருக்கு இது மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. குறையாவிட்டால் மாத்திரைகள் உண்டு. அருகில் அமர்ந்திருப்பவர்களிடம், "இது நோயால் வருவது, தானே அடங்கிவிடும், பேச்சை மட்டும் மாற்றிவிடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், ஆறுதல் சொல்லியே அழுகையைக் கூட்டிவிடுகிற சங்கடம் பாதி தீர்ந்துவிடும்.

இதனோடு மனச்சோர்வு நோயும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. அழுகை சில நிமிடங்களில் அடங்கி, பிறகு நீங்கள் வழக்கம்போல் இருந்தால் கவலை குறைவு. மாறாக, இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இருந்து என்ன பயன் என்ற எண்ணமே நாள்தோறும் ஓடினால், தாமதிக்காமல் சிகிச்சை பெறுங்கள். நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் இரத்த அழுத்தத்தையும் கையின் பலத்தையும் பார்த்து அனுப்பிவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது என்பதை ஒரு மருத்துவனாக வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆகவே மனநிலையைப் பற்றி நீங்களே பேச்செடுக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால், எந்த நேரத்திலும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

மதியச் சோர்வு சோம்பல் அன்று. முன்பு தன்போக்கில் நடந்த வேலைகளுக்கெல்லாம் உங்கள் மூளை இப்போது கூடுதலாக முயல வேண்டியிருக்கிறது. கவனம் தேவைப்படும் கோப்புகளைக் காலையிலேயே பார்த்துவிட்டு, களைத்த பிறகு ஓய்வெடுப்பதை விட, களைப்பதற்கு முன்பே பத்து நிமிடம் கண்மூடி அமருங்கள்.

சக ஊழியர்கள் நல்லெண்ணத்தோடுதான் கோப்புகளை எடுத்துச் செல்கிறார்கள். ஆனால் அந்த இரக்கமே உங்களை வேண்டாதவராக உணரவைக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. கண்காணிப்பாளரைத் தனியே சந்தித்து, அளவில் சிறியதானாலும் தொடக்கம் முதல் முடிவு வரை உங்கள் பொறுப்பிலேயே இருக்கும் ஒரு பணியைக் கேளுங்கள். கையால் குறிப்பு எழுதுவதற்குப் பதிலாகக் கணினியில் இடது கையால் தட்டச்சு செய்ய அனுமதி கேட்பதில் தவறே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 20-ஆம் பிரிவின்படி, பணிக்காலத்தில் உடல் குறைபாடு அடைந்த அரசு ஊழியரைப் பொதுவாகப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்ய முடியாது. அந்தப் பணி இயலாதென்றால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும்.

மறுபடியும் வரும் அபாயம் முதல் சில வாரங்களில்தான் மிக அதிகம். பிறகு அது குறைகிறது, முற்றிலும் நீங்குவதில்லை. அதனால் இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள். நன்றாக இருக்கிறதே என்று மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் எது திடீரென வந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்று வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்லிவையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை இப்போது எழுதாதீர்கள். சோர்ந்திருக்கும் மனம் எல்லாக் கதவுகளும் மூடிவிட்டதாகவே காட்டும். சிகிச்சை பெற்று, சில மாதங்கள் பணியாற்றிய பிறகும் இயலவில்லையென்றால் அப்போது அதைக் கேட்கலாம். மருத்துவமனையில் உங்கள் அருகில் அமர்ந்திருந்த மனைவிக்கும் அந்தப் பயம் இன்னும் தெளிந்திருக்காது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் சென்று, வேலைக்குப் போவதால் உங்களுக்கு ஆபத்து உண்டா என்று மனைவியையே நேரில் கேட்கச் சொல்லுங்கள்.