சென்னை வெயிலில் ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும் சின்ன) கார் பந்தயத்துக்கு எந்த மோட்டார் வாங்குவது, எப்படி டியூன் செய்வது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். டமியா டி.டி.-02 சேஸி, 13.5 டர்ன் (காயிலில் கம்பி சுற்றியிருக்கும் சுற்று) பிரஷ்லெஸ், அதாவது கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார், 2எஸ் லிப்போ (இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி). யாரோ ஒரு ஐரோப்பிய ஓட்டுநரின் செட்டப் தாளைப் பார்த்துப் பெரிய பினியன் (மோட்டார் தண்டில் மாட்டும் பல்சக்கரம்) மாட்டியிருக்கிறீர்கள். மூன்றாவது நிமிடத்தில் வண்டி படுத்துவிடுகிறது. இதைவிட வலுவான மோட்டாராக எதை வாங்கலாம் என்று கேட்கிறீர்கள்.

மோட்டார் எதுவும் வாங்காதீர்கள். கை அரித்தால் ரிச்சி தெருவுக்குப் போய் தொடாமலே சூட்டை அளக்கும் ஒரு ஐ.ஆர். தெர்மாமீட்டர் வாங்குங்கள். கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேராக நீட்டினார்களே, அந்த மருத்துவ வகை வேண்டாம். அது நாற்பது சொச்சம் டிகிரியோடு நின்றுவிடும். ஒர்க்‌ஷாப்பில் வைத்திருக்கும் வகைதான் வேண்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், இதே தவறை நானும் செய்தவன். என் மாமா வில்லிவாக்கத்தில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். நான் முதன்முதலாக வாங்கிய பிரஷ்லெஸ் மோட்டார் 8.5 டர்ன். டர்ன் குறைந்தால் வேகம் கூடும் என்று எங்கோ படித்ததோடு சரி. எங்கள் குடியிருப்பின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில், இருந்ததிலேயே பெரிய பினியனை மாட்டி ஓட்டினேன். நான்காவது நாள் ஒரு வாடை வந்தது. கடைக்கு எடுத்துப்போனேன். மாமா கழற்றிப் பார்க்கக்கூட இல்லை, முகர்ந்து பார்த்தார்.

“வார்னிஷ் எரிஞ்சுடுச்சுடா.”

“மட்டமான மோட்டார் போல மாமா.”

“அது மேல ஏன் பழி போடற? நீ ஏத்தின லோடுக்கு அது கரண்ட் இழுத்துச்சு. போர்வெல் மோட்டாரும் இதைத்தான் பண்ணும்.”

அந்த ஒரு வரிக்குள் இந்த விளையாட்டின் முக்கால்வாசி அடங்கிவிடுகிறது. மோட்டார் சுழலும்போது தானே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். வேகமாகச் சுழலச் சுழல அது கூடி, பேட்டரியிலிருந்து வரும் கரண்டைத் தடுத்துக் குறைக்கும். பினியன் பெரிதாக இருந்தால், குட்டியான இடத்தில் மோட்டாரால் தன் முழு வேகத்தை எட்டவே முடியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, கரண்ட் எப்போதும் உச்சத்திலேயே நிற்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் காயிலில் சூடு நான்கு மடங்கு.

இனி அந்த ஐரோப்பியச் செட்டப் தாளுக்கு வருவோம். அவர் 22 டிகிரி அரங்கில், கார்ப்பெட் மேல் ஓட்டியிருப்பார். ஐந்து நிமிட ஓட்டத்தில் மோட்டார் 45 டிகிரி ஏறினால் 67. சுகமாக இருக்கும். அதே வண்டியை மே மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்கு நம் ஊர் காங்கிரீட் தரையில் ஓட்டினால், காற்றே 37. கணக்குப்படி 82. ஆனால் கணக்கு அங்கே நிற்பதில்லை. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும், ரோட்டாரில் (மோட்டாருக்குள் சுழலும் பகுதியில்) இருக்கும் நியோடிமியம் காந்தம் டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம் வலு இழக்கும். காந்தம் சோர்ந்தால் அதே இழுவைக்குக் கூடுதல் கரண்ட் வேண்டும். கூடுதல் கரண்ட் மறுபடி சூடு. ஆறினால் காந்தம் பழைய வலுவுக்குத் திரும்பிவிடும் என்றாலும், எல்லை மீறிச் சுட்டால் போனது போனதுதான். நான் 70 தாண்டினால் முகம் சுளிப்பேன், 75இல் வண்டியை நிறுத்திவிடுவேன். மோட்டாருக்கு மேல் வைக்கிற சின்ன ஃபேன் உதவும்தான். ஆனால் அதுவும் இந்த 37 டிகிரிக் காற்றைத்தானே வீசப்போகிறது?

உங்கள் வண்டி நின்றதற்கு மோட்டார் நேரடிக் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். சூடு ஏறியதும் இ.எஸ்.சி. (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தை நிறுத்தும். பேட்டரி மின்னழுத்தம் இறங்கினாலும் நிறுத்தும். நின்றதும் அதன் விளக்கு எப்படி மின்னுகிறது என்று கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, கியர் கணக்கு. டி.டி.-02 பெட்டியோடு வருவது 70 பல் ஸ்பர் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்), 22 பல் பினியன். உள்ளே இருக்கும் கியர்களின் விகிதம் 2.6. எழுபதை 22ஆல் வகுத்து 2.6ஆல் பெருக்கினால் 8.27. மோட்டார் 8.27 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 13.5 டர்ன் மோட்டார்கள் தோராயமாக 3000 கே.வி. இருக்கும், அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3000 சுற்று. 7.4 வோல்ட்டில் 22,200. சக்கரச் சுற்றளவு 20 சென்டிமீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 32 கிலோமீட்டர் வருகிறது. பேப்பர் கணக்குதான், தரையில் கொஞ்சம் குறையும். கேட்கச் சாதுவான எண். ஆனால் 28 மீட்டர் நீளமுள்ள பேஸ்கட்பால் கோர்ட்டை அந்த வேகத்தில் மூன்று நொடிக்குச் சற்று மேலேயே தாண்டிவிடும். அதற்கு மேல் வேகம் வைத்து எங்கே கொண்டுபோய் முட்டப் போகிறோம்?

புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். பார்க்கிங், பேஸ்கட்பால் கோர்ட் மாதிரி இடம் என்றால் 540 அளவில் (இந்த வகைக் கார்களுக்கு வழக்கமான மோட்டார் அளவு), சென்சார் உள்ள 17.5 டர்ன். சின்னப் பையன்கள் ஓட்டினால் 21.5. நேர்க்கோடு நாற்பது மீட்டருக்கு மேல் கிடைத்தால்தான் 13.5. பத்துக்குக் கீழே வேண்டாம். (அந்த அரை டர்ன் எதற்கு என்று கேட்காதவர் இல்லை. கம்பி ஸ்டேட்டரின் (சுழலாமல் நிற்கும், காயில் கட்டிய பகுதியின்) ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் முடிவதால் வரும் அரைச் சுற்று அது.) சென்சார் இல்லாத மோட்டார் விலை மலிவுதான். ஆனால் புறப்படும்போது ரோட்டார் எங்கே நிற்கிறது என்று இ.எஸ்.சி.க்குத் தெரியாமல் வண்டி திக்கித் திணறும். பந்தயத்தில் திருப்பத்துக்குத் திருப்பம் மெதுவாகிப் புறப்படுகிறோம் என்பதால் அது பெரிய தொல்லை. கார்பன் பிரஷ் வைத்த வெள்ளி நிற மோட்டாரைக் கேலி செய்யாதீர்கள். 27 டர்ன்தான், ஆனால் எல்லோருக்கும் அதே மோட்டார் என்றால் பந்தயம் கையில் இருக்கிறது, பர்ஸில் இல்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி நிஜக் கார்களின் இரவுப் பந்தயம் நடந்ததிலிருந்து என் அக்கா பையனும் கார் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த வெள்ளி மோட்டாரைத்தான் மாட்டிக்கொடுத்தேன்.

டியூனிங் என்றதும் எல்லோரும் முதலில் கை வைப்பது டைமிங்கில். மோட்டாரின் பின்மூடியைத் தளர்த்தித் திருப்பினால் சென்சார் இடம் நகரும், காயிலுக்கு மின்சாரம் சற்று முன்னதாகவே போகும். உச்சி வேகம் கூடும், இழுவை குறையும், கரண்ட் ஏறும். இலவசமாக எதுவும் வராது. 17.5 டர்ன் பந்தயங்களில் பெரும்பாலும் இ.எஸ்.சி.யில் டைமிங் ஏற்றக்கூடாது என்பது விதி. விளக்கு விட்டுவிட்டு எரிந்து அதைக் காட்டும், அதனால்தான் அதற்கு ‘பிளிங்கி’ என்று பெயர். ஆகவே பின்மூடி மட்டும்தான் மிச்சம். பினியனைக் கழற்றிவிட்டு, மோட்டாரைச் சும்மா சுற்றவிட்டு, கரண்ட் மீட்டரைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஓர் இடம் வரை சுற்று வேகமும் கரண்டும் சேர்ந்து ஏறும். அதற்கப்புறம் கரண்ட் மட்டும் தாவும், வேகம் அசையாது. அந்த இடத்துக்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். டைமிங்கை ஏற்றினால் பினியனில் ஒரு பல்லாவது குறைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஏற்றினால் என் மாமா கடையில்தான் முடியும். பினியனை ரொம்பச் சிறிதாக்கி, டைமிங்கையும் தள்ளி வைத்து, சுற்று வேகத்தை எகிறவிட்டாலும் சூடாகும். ஆனால் நம் ஊரில் அந்தப் பக்கம் தவறு செய்தவரை நான் பார்த்ததில்லை.

சூடு பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பளபளக்கும் அலுமினியத்தின் மேல் ஐ.ஆர். தெர்மாமீட்டர் பொய் சொல்லும், உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். மோட்டாரின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதைக் குறிபார்க்கவும். நின்றதும் ஒருமுறை, அரை நிமிடம் கழித்து ஒருமுறை பாருங்கள். உள்ளே காயிலில் இருக்கும் சூடு வெளியே வர நேரம் எடுக்கும்.

அப்புறம், பெசன்ட் நகர் கடற்கரையில் ஓட்டும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். சிறு வயதில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மணலில் இழுத்து ‘இரும்புத் தூள்’ சேர்த்திருப்போமே, அந்தக் கறுப்பு மணல் மோட்டாரின் காற்றுத் துளை வழியாகப் போய் ரோட்டாரில் அப்பிக்கொள்ளும். டேப்பைப் புரட்டிப் புரட்டி ஒட்டி எடுத்தாலும் முழுதாக வராது. கடற்காற்றுக்கே பேரிங் துருப்பிடிக்கிற ஊர் இது. நான் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து, துடைத்து, பேரிங்குக்கு ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுகிறேன். மாட்டும்போது ஏ, பி, சி ஒயர்களை அதே எழுத்துக்கு நேராகச் சால்டர் செய்யுங்கள். சென்சார் மோட்டாரில் மாற்றிப் போட்டால் இ.எஸ்.சி. போய்விடலாம்.

உங்கள் வண்டிக்கு இப்போது செய்ய வேண்டியது: 22 பல் பினியனுக்குத் திரும்புங்கள். பின்மூடியை மோட்டாரோடு வந்த அளவுக்கே கொண்டுபோங்கள். மோட்டாரை நகர்த்தி மாட்டும் வசதி இருந்தால், பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதம் வைத்து நெருக்கி மாட்டுங்கள். காகிதத்தை எடுத்தால் சரியான இடைவெளி கிடைக்கும். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி, சூடு பாருங்கள். 55க்குள் இருந்தால் ஐந்து நிமிடம் ஓட்டலாம். அப்போதும் 65ஐத் தொடவில்லை என்றால் ஒரு படி பெரிய பினியன். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் மணியையும் குறியுங்கள். காலை ஏழு மணிக்குச் சரியாக இருந்த பினியனையே பதினொரு மணிக்குக் கழற்ற வேண்டி வரும்.