எவரையும் நம்பாதே என்று சொல்லி அனுப்பப்பட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பொறையாற்றிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வரவிருக்கும் நீங்கள் அறை வாடகை, சாப்பாடு, ஓவர்டைம் பற்றியெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் "அங்கே நம் ஆட்களை மட்டும் நம்பிவிடாதே என்று எல்லோரும் சொல்லி அனுப்புகிறார்களே, உண்மையா அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையும் சாப்பாடும் வந்த ஒரு மாதத்தில் தாமாகவே பிடிபட்டுவிடும். இங்கே லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை முதல் கருவாடு வரை கிடைக்கிறது. அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன். 1990களின் நடுவில் நான் தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்டபோதும் இதே வார்த்தையைத்தான் சொல்லி வழியனுப்பினார்கள்.

எச்சரிக்கையாக இருக்கவேண்டிய காரியங்கள் உண்டு. வேலை அனுமதிக்கு முன்னோடியாக வரும் ஐ.பி.ஏ. ஒப்புதல் கடிதத்தில் உள்ள சம்பளமும் ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளமும் ஒன்றுதானா என்று விமானம் ஏறுமுன் பாருங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள். பாஸ்போர்ட்டை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கின் கடவுச்சொல்லையும் வங்கிக் கணக்கையும் நெருங்கிய நண்பனுக்குக்கூடக் கொடுக்காதீர்கள். இது விவேகம். சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களாய் இருங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அதே வசனம் புறாக்களைப்போலக் கபடற்றவர்களாயும் இருக்கச் சொல்கிறது. அந்தப் பாதியை ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறவர்களை நான் இங்கே ஏராளமாகப் பார்த்துவிட்டேன்.

நான் முதலில் தங்கிய அறையில் மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். கடும் உழைப்பாளி; குடிப்பழக்கம் இல்லை; ஞாயிறு ஆராதனையைத் தவறவிடமாட்டார். ஆனால் தம் எண்ணெய்ப் பாட்டிலில் எண்ணெய் நிற்கும் மட்டத்தைப் பேனாவால் கோடு போட்டுவிட்டுத்தான் தினமும் வேலைக்குக் கிளம்புவார். ஊரில் அவர் வீட்டில் போன் கிடையாது; எதிர்வீட்டு எண்ணுக்கு அழைத்து மனைவியைக் கூப்பிடச் சொல்வார். அந்த அம்மா கொல்லையிலிருந்து ஓடிவந்து மூச்சிரைக்கப் பேசத் தொடங்கும்போது இவர் கேட்கும் முதல் கேள்வி, "ஏன் இவ்வளவு நேரம்?" என்பதுதான். அத்தோடு விடாமல், எதிர்வீட்டுக்காரரிடமே போனைக் கொடுக்கச் சொல்லி, அந்த வாரம் வீட்டுக்கு யார் யார் வந்துபோனார்கள் என்று விசாரிப்பார். பக்கத்தில் நின்றுகொண்டே அதைக் கேட்டிருந்த அந்தப் பெண்ணின் மனநிலையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அவருடைய அண்ணன் ஊரில் இவருக்காக வீடு கட்டும் பொறுப்பை ஏற்று, சிமெண்ட் மூட்டை, மணல் லோடு, கொத்தனார் கூலி என ஒவ்வொன்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி நகல் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். இவரோ ஊரிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் விலை கேட்டு ஒப்பிட்டு, சில்லறை வித்தியாசத்துக்கெல்லாம் கடிதம் எழுதிச் சண்டை போட்டார். ஒருநாள் அண்ணன் நோட்டைத் திருப்பிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். வீடு லிண்டல் மட்டத்தோடு நின்றது. மனைவி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டார். இத்தனைக்கும் ஒரு திருட்டோ ஒரு துரோகமோ நடந்ததாக அவரால் ஒருநாளும் காட்ட முடியவில்லை. இப்போது வீடியோ அழைப்பு வந்துவிட்டது. கேமராவைத் திருப்பி அறை முழுவதையும் காட்டு என்று மனைவியிடம் கேட்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது, நோய் மாறவில்லை, கருவி மட்டும் மாறியிருக்கிறது என்று வருந்துகிறேன்.

வேதத்தில் இதற்கு வேதனையான சாட்சி இருக்கிறது. அம்மோன் ராஜா இறந்தபோது, அவன் மகன் ஆனூனுக்கு ஆறுதல் சொல்ல இஸ்ரவேலின் ராஜா தாவீது தன் ஊழியக்காரரை அனுப்பினான். அவர்கள் வேவு பார்க்க வந்தவர்கள் என்று பிரபுக்கள் ஓத, ஆனூன் அவர்களுடைய தாடியைப் பாதி சிரைத்து, உடையையும் பாதி அறுத்து அனுப்பிவிட்டான். துக்கம் விசாரிக்க வந்தவர்களைச் சந்தேகித்ததில் மூண்ட போர், அவன் தலைநகரான ரப்பா விழுந்த பிறகே முடிந்தது. யோசுவாவின் நாளிலோ யோர்தானின் அக்கரைக் கோத்திரத்தார் பெரிய பலிபீடம் கட்டியபோது, அவர்கள் ஆண்டவரை விட்டு விலகுகிறார்கள் என்று சந்தேகித்து இக்கரையார் போருக்கே கூடிவிட்டார்கள். ஆனாலும் முதலில் ஆசாரியனின் மகன் பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பி நேரில் கேட்டார்கள். அது பலியிட அல்ல, சாட்சிக்காகக் கட்டியது என்று தெரிந்தது, போர் நின்றது. கொள்ளிடத்தின் இரு கரையிலும் உறவு வைத்திருக்கும் நமக்கு, ஆறு தாண்டிப்போய்க் கேட்பதன் அருமையை யாரும் விளக்கவேண்டியதில்லை.

சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை நீங்களும் திடப்படுத்தல் வகுப்பில் படித்திருப்பீர்கள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் எட்டாம் கற்பனையின் விளக்கத்தில், பிறனைப் பற்றிப் பொய் சொல்லாதிருப்பதோடு நில்லாமல், அவன் செய்ததற்கெல்லாம் நல்ல பொருளே கொள்ளவேண்டும் என்று அவர் கற்பிக்கிறார். சந்தேகப் புத்திக்காரர் வாய் திறக்காமலே பொய்ச்சாட்சி சொல்கிறவர் என்பது என் உறுதியான எண்ணம். "பொல்லாத சம்சயங்கள்" என்று பவுல் அதைச் சண்டையோடும் தூஷணத்தோடும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்.

நம் தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கும் புலம்பெயர்ந்தவர்தான். அவர் நம் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் பழகினார். ஒரு விதவைக்காக நியாயம் கேட்டதற்குச் சொந்த ஐரோப்பியரே சந்தேகப்பட்டு 1708இல் நான்கு மாதம் டேனிஷ் கோட்டையில் அவரை அடைத்தார்கள். அதன் பின்னும் அவர் தமிழ் ஆசிரியர்களை நம்பியே வேலை செய்தார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது.

எங்கள் வேலைத்தளத்தில் சீன மேற்பார்வையாளர்கள் பேசிச் சிரித்தால் தங்களைத்தான் கேலி செய்கிறார்கள் என்று புதியவர்கள் குமைவார்கள். நான் ஹொக்கியன் மொழியைக் கேட்டுக்கேட்டுக் கற்றேன். அவர்கள் பேசியது பெரும்பாலும் மதியச் சாப்பாடும் லாட்டரி எண்ணும்தான். "எவரையும் நம்பாமல்தான் முன்னேறினேன்" என்று பெருமை பேசும் பழைய ஆட்கள் உங்களையும் வந்து பயமுறுத்துவார்கள். அவர்கள் வீட்டில் துக்கம் நேர்ந்தால் வந்து நிற்க ஆளில்லாததையும் நான் கண்டிருக்கிறேன்.

முன்பு சபையைத் துன்பப்படுத்திய பவுல் மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் எல்லோரும் அவரைச் சந்தேகித்து அஞ்சினார்கள். பர்னபா ஒருவர்தான் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போனார். இங்கே தமிழ்ச் சபைகளில் அப்படிப்பட்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். வந்த முதல் ஞாயிறே ஆராதனைக்கு வாருங்கள். அறை விஷயத்தையும் அங்கேயே பேசி முடித்துக்கொள்ளலாம். ஊரில் உங்கள் பணத்தைப் பார்த்துக்கொள்ளப்போகிறவரோடு, எதற்குக் கணக்கு, எப்போது கணக்கு என்பதைப் புறப்படுமுன் நேருக்கு நேர் பேசிவிடுங்கள்.