எந்தத் தூண்டில் நூலுக்கு எந்த முடிச்சு? தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையிலிருந்து சில கேள்விகள்

ஜூனில் மத்திக் கூட்டம் கரையோரம் வரும். அதன் பின்னாலேயே ஷாட், காரிக் போன்ற வேட்டை மீன்கள் எல்லாம் வரும். அதற்குள் கையைப் பழக்கிக்கொள்ள நினைப்பவர்கள் தூண்டில் முடிச்சு பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அண்ணா, நைலானில் இத்தனை நாள் கிளிஞ்ச் முடிச்சுதான் போட்டேன். இப்போது பிரெய்டுக்கு மாறினேன், அதே முடிச்சு உருவிக்கொண்டு வருகிறது. நூல் மட்டமானதா? (சாட்ஸ்வொர்த்)

நூலில் குறையில்லை தம்பி. நைலானை இறுக்கினால் சுற்றுகள் ஒன்றையொன்று கடித்துப் பிடிக்கும். பிரெய்டு பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னியது. அது வழுக்கும், கொஞ்சமும் நீளாது. கிளிஞ்சில் முனையை நூல்மேல் சுற்றும் ஐந்து சுற்று அதற்குப் போதாது.

பாலோமர் போடுங்கள். நூலை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழையுங்கள். அந்த இரட்டை நூலில் ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போடுங்கள். மிச்சமுள்ள வளையத்துக்குள் முள்ளை முழுவதுமாக நுழைத்து எடுத்து, ஈரமாக்கி, இரண்டு நூலையும் சேர்த்து இழுங்கள். இரட்டை நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். வளையத்துக்குள் நுழையாத அளவுக்கு முள் பெரிதாக இருந்தால் யூனி முடிச்சு, அதாவது முனையை வளையமாக மடித்து, அந்த வளையத்துக்குள் நூலோடு சேர்த்துச் சுற்றி இறுக்குவது. நைலானில் ஐந்து சுற்று என்றால் பிரெய்டில் எட்டு.

அப்புறம் இன்னொன்று. ரீலில் பிரெய்டை நேராகக் கட்டாதீர்கள். முதலில் கொஞ்சம் நைலான் சுற்றி, அதன்மேல் பிரெய்டு. இல்லையென்றால் பெரிய மீன் இழுக்கும்போது மொத்த நூலும் ஸ்பூலின் (ரீலில் நூல் சுற்றும் உருளை) மேல் சும்மா சுழலும்.

பிரெய்டையும் லீடரையும் எதில் சேர்ப்பது மாமா? எறியும்போது முடிச்சு ராடு (தூண்டில் கோல்) வளையத்தில் அடிக்கிறது. (ஃபீனிக்ஸ்)

இதுதான் நான் அதிகம் பேச ஆசைப்படும் முடிச்சு. லீடர், அதாவது நூலின் நுனியில் சேர்க்கும் பருமனான நூல்துண்டு, எதற்கு என்பதை முதலில் மனதில் வையுங்கள். 150 கிராம் (சுமார் ஐந்து அவுன்ஸ்) ஈயத்தை முழு பலத்தோடு வீசும்போது நூலில் விழும் அதிர்ச்சி மீன் இழுப்பதைவிடப் பெரியது. ஒரு அவுன்ஸ் ஈயத்துக்குப் பத்து பவுண்டு தாங்கும் லீடர் என்பது பழைய கணக்கு. ஐந்து அவுன்ஸுக்கு ஐம்பது பவுண்டு. வீசும் நேரத்தில் லீடர் ஸ்பூலில் நாலைந்து சுற்றாவது இருக்க வேண்டும். ஜனம் நிறைந்த பாலத்தில் லீடர் இல்லாமல் வீசி, அறுந்த ஈயம் பக்கத்தில் நிற்பவர் மேல் பட்டால் என்ன ஆகும்? அதை யோசித்தாலே போதும்.

சேர்ப்பதற்கு எஃப்ஜி முடிச்சு. இதில் லீடர் மடங்குவதே இல்லை, பிரெய்டு மட்டும் அதைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். அதனால்தான் ஒல்லியாக வளையத்தைத் தாண்டிப் போகிறது. பிரெய்டை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, லீடரை அதன் மேலாக ஒரு முறை, கீழாக ஒரு முறை என்று இருபது தடவை மாற்றி மாற்றிச் சுற்றுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து நாலு அரை முடிச்சு. ஈரமாக்கி, கையில் துணி சுற்றிக்கொண்டு, பிரெய்டின் நிறம் கறுத்து லீடரில் பதியும்வரை இழுங்கள். லீடரின் மிச்ச முனையை ஒட்ட நறுக்கிவிட்டு, பிரெய்டில் மட்டும் இன்னும் சில அரை முடிச்சுகள்.

முதல் பத்து முயற்சி அவிழ்ந்துபோகும். வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பழகுங்கள். காற்றில், இருட்டில், கை நனைந்திருக்கும்போது இரட்டை யூனி (இரண்டு நூலிலும் ஒவ்வொரு யூனி போட்டுச் சேர்ப்பது) போதும். கொஞ்சம் பருமன்தான், ஆனால் நம்பலாம்.

ஐயா, சென்னையிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகிறது. என் மகன் கட்டும் முள்ளை ஷாட் மீன் நூலோடு கடித்துக்கொண்டு போகிறது. எந்த முடிச்சு போட்டால் நிற்கும்? (உம்ஷ்லாங்கா)

முடிச்சில் தவறில்லை அம்மா, ஷாட்டின் பல் கத்தி மாதிரி. முள்ளுக்கு மேலே ஒரு சாண் ஒற்றை ஸ்டீல் கம்பி வேண்டும். கம்பியில் முடிச்சு நிற்காது, முறுக்குதான். முள்ளின் காதில் நுழைத்து, இரண்டு கம்பியும் சமமாகப் பின்னும்படி நாலு முறுக்கு. பிறகு மிச்ச முனையை நெருக்கமாக ஆறு சுற்று. முனையை வெட்ட வேண்டாம், கைப்பிடி போல வளைத்துச் சுழற்றினால் தானாக ஒடியும், கையைக் கிழிக்கும் கூர் இருக்காது. மேல்முனையில் ஸ்விவல், அதாவது சுழலும் இணைப்பு வளையம். ஷாட்டுக்கு அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் தடை. மற்ற மாதங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு மீன், 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்ப விட வேண்டும். மகனுக்கு இதையும் சொல்லுங்கள்.

முடிச்சில் எச்சில் தடவுவது வெறும் பழக்கமா? (இசிபிங்கோ)

இல்லை. காய்ந்த நைலானை இறுக்கும்போது உராய்வுச் சூட்டில் அதன் மேல்பரப்பு கெடும். ஃபுளோரோகார்பன் என்ற நூல் வகையில் இன்னும் மோசம். பிளஃப் பாறையில் ஒரு விடியற்காலை அவசரத்தில் காய்ந்தபடியே இறுக்கினேன். நல்ல காப் மீன் ஒன்று வாயில் என் முள்ளோடு போனது. அந்த மீனை நினைத்து வெகுநாள் வருத்தப்பட்டேன்.

ஃபுளோரோகார்பனுக்குத் தனி முடிச்சு உண்டா? (வெருலம்)

தனியாக வேண்டாம். அது விறைப்பானது, பருமனான லீடரில் கிளிஞ்ச் சரியாகப் படியாது. யூனியில் சுற்றை மூன்று நாலாகக் குறைத்து, மெதுவாக இறுக்குங்கள்.

முடிச்சு நன்றாக விழுந்ததா என்று எப்படித் தெரியும் அண்ணா? (டொங்காட்)

முள்ளை ஒரு கொக்கியில் மாட்டி, நூலைக் கையில் சுற்றாமல் ஒரு கட்டையில் சுற்றி அறும்வரை இழுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முள் தெறிக்கலாம். அறுந்த நைலான் முனையைப் பாருங்கள். பன்றி வால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு உருவியிருக்கிறது, சுற்றைக் கூட்டுங்கள். சுருளாமல் வெடுக்கென்று அறுந்திருந்தால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நூலை நசுக்கியிருக்கும், அல்லது நூலே வெயிலில் செத்திருக்கும். ஸ்பூலிலிருந்து முப்பது மீட்டர் கழித்துவிட்டு, உள்ளே இருக்கும் நூலில் அதே முடிச்சைப் போட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். இப்போது தாங்கினால் குற்றம் உங்கள் கையில் இல்லை.