படத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: பாகம் பிரித்தபோது ஆச்சி வீட்டுத் தஞ்சாவூர் ஓவியம், வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணர், எனக்கு வந்தது. விலைக்குக் கேட்பவர், இதுவரை யார் யாரிடம் இருந்தது என்று எழுதித் தரச் சொல்கிறார். “150 வருஷம் என்று போட்டுவிடு” என்கிறார் அண்ணன். விவரம் தெரிந்தவர் தேவகோட்டையில் இருக்கும் 86 வயது அத்தை மட்டும்தான். எங்கே தொடங்குவது? – வாசகி, காரைக்குடி

பதில்: அண்ணன் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள், அம்மா. சரபோஜி மன்னரும் மகன் சிவாஜியும் இருக்கும் தஞ்சை ஓவியம் ஒன்றை அமெரிக்காவின் பீபாடி எஸ்ஸெக்ஸ் அருங்காட்சியகம் 2006இல் 35,000 டாலருக்கு வாங்கியது. விற்ற கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர், இதுவரை யார் யாரிடம் இருந்தது என்று காட்டிய பூர்வீகம் பொய் என்று தெரிந்து, 2015இல் படத்தை அந்நாட்டு அரசிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. தெரியாத வருஷங்களை வெற்றாகவே விடுங்கள்.

படத்தைத் துடைக்க வேண்டாம். மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பிரேம் கடைச் சீட்டு, பென்சிலில் ஒரு பெயர், எது இருந்தாலும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். ஆனால் சீட்டு பிரேமின் வயதைத்தான் சொல்லும். பிரேமை இடையில் மாற்றியிருக்கலாம்.

அப்புறம் பழைய கல்யாண ஆல்பங்கள். மணமக்களை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். கிருஷ்ணர் கொண்டையில் எந்தக் கல் உதிர்ந்திருக்கிறது என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். போட்டோவிலும் அதே இடத்தில் அந்தக் குழி தெரிந்தால், அந்தச் சுவரில் இருந்தது இதே படம்தான். இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. பாகப்பத்திரத்திலும் சீர் சாமான் கணக்கிலும் ‘கிருஷ்ணர் படம் 1’ என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

படம் 100 வருஷத்துக்கு மேற்பட்டது என்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொருந்தும். தொல்லியல் துறைப் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். கைமாறினால் தெரிவிக்க வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விலை பேசுவதற்கு முன்பே அங்கே போய்க் கேட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் அத்தையைப் பாருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். “எந்த வருஷம் வாங்கியது?” என்று கேட்டால் வயதானவர்கள் திணறுவார்கள். படத்தைக் காட்டி, “எந்த அறையில் மாட்டியிருந்தது? யார் பூ வைப்பார்கள்?” என்று கேளுங்கள். போனில் பதிவு செய்துகொண்டு, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.