முழுமைத் திட்ட வரைவுக்கு எடுபடும்படி மனு எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊரின் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான், அதாவது எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம்) வரைவு வெளியாகியிருக்கிறது. இங்கே தொழில் செய்யும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுகள் (பூங்கா, திறந்தவெளி போன்ற நிலப்பரப்புகளை வடிவமைப்பவர்கள்) ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஏரி, ஓடை, பூங்கா பற்றி மனு கொடுக்கப் போகிறோம். எப்படி எழுதினால் எடுபடும்?

பதில்: முதலில் தேதியைப் பாருங்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன் 26-ஆவது பிரிவின்படி, அறிவிப்பு வெளியான நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் ஆட்சேபணைக்கு அவகாசம் உண்டு. அதே பிரிவில் பலர் கவனிக்காமல் விடுவது: நேரில் விசாரிக்கும்படி கேட்டவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. ஆகவே ‘எங்களை நேரில் விசாரிக்கக் கோருகிறோம்’ என்ற வரி மனுவில் கட்டாயம் இருக்க வேண்டும். கொடுத்ததற்கு முத்திரையுடன் ஒப்புகையும் வாங்கிவிடுங்கள்.

‘பசுமையைக் கூட்டுங்கள், நீர்நிலைகளைக் காப்பாற்றுங்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், நல்ல மனம் படைத்த அதிகாரியாலும் வரைபடத்தில் ஒரு கோட்டைக்கூட நகர்த்த முடியாது. மாற்றம் நடப்பது சர்வே எண்ணில். ஓர் ஓடை குடியிருப்பு மண்டலத்துக்குள் போயிருக்கிறது என்றால், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) அந்த நிலத்தின் வகைப்பாடு, புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான அளவைப் படம்) ஓடையின் அகலம் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். அதற்குக் கீழே வரைவில் இப்போதுள்ள வகைப்பாட்டையும் நீங்கள் கேட்கும் வகைப்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஓர் இடத்துக்கு ஒரு தாள். பத்து இடங்களை ஒரே கடிதத்தில் கலந்தால் வலுவான கோரிக்கையும் பலவீனமானதோடு சேர்ந்து தள்ளுபடியாகும்.

உங்கள் தொழிலின் பலம் நிலமட்டத்தைப் படிப்பதில் இருக்கிறது. அதைத் தயங்காமல் காட்டுங்கள். ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. மழை பெய்தால் 500 கன மீட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீர் எந்தெந்த சர்வே எண் வழியாக இறங்கி எங்கே தேங்குகிறது என்று அரை மீட்டர் இடைவெளிச் சமஉயரக் கோடுகளின் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) மேல் அம்புக்குறி போட்டு இணையுங்கள். பக்கம் பக்கமாக எழுதும் விளக்கத்தைவிட விசாரணையில் அந்தப் படம்தான் பேசும்.

எந்த அலுவலகத்துக்கு எழுதுகிறோம் என்பதிலும் தவறு நடக்கிறது. திறந்தவெளி ஒதுக்கீடு, அதாவது ஓ.எஸ்.ஆர்., முழுமைத் திட்ட வரைவில் அல்ல, 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில், சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தை நிலமாகவே தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். பணம் கட்டித் தப்ப முடியாது. அந்த 10 சதவீதம் மூலையில் ஒரு கீற்றாக ஒதுங்காமல், மனையின் தாழ்ந்த பகுதியில், வாய்க்காலை ஒட்டி அமைய வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் அதற்கு விதியையே திருத்த வேண்டும். அதை வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலருக்குத் தனி மனுவாக அனுப்புங்கள். நடைபாதை மரக்குழி என்றால் மாநகராட்சிப் பொறியாளரிடம், டெண்டருக்கு முன்பே, மதிப்பீடு தயாராகும்போது பேச வேண்டும்.

கேள்வி: லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் கையெழுத்துக்குச் சட்ட மதிப்பு உண்டா?

பதில்: 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைத்தான் காக்கிறது. லேண்ட்ஸ்கேப் துறைக்கெனத் தனிச் சட்டமோ உரிமமோ இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா 1953-லேயே இதற்கு உரிமச் சட்டம் கொண்டுவந்தது. இன்று 50 மாநிலங்களிலும் உண்டு. ஆனால் 26-ஆவது பிரிவின்கீழ் ஆட்சேபணை தர எந்த உரிமமும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் தரலாம். ஓடைக்கரையில் பட்டா வைத்திருக்கும் விவசாயிகளையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். விசாரணைக்கு அவர்களும் உங்களோடு வரட்டும்.